வெட்டிய பலாவின் நிழல்

மரம் விழுந்த மறுநாள் காலை, மலைமுகட்டைத் தாண்டி வெயில் இறங்கிய ஒன்பது மணிக்கு, அதன் நிழல் வழக்கம்போல வந்து பாதையில் படுத்துக்கொண்டது.

முதலில் பார்த்தவள் சின்னப்பொண்ணு. புதிதாகப் போட்ட நடைபாதையோரம் டீக்கடை வைக்க இடம் பார்க்கலாம் என்று வந்தவள், மூன்றாவது வளைவில் நிழலைக் கண்டதும் உள்ளே நுழைந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்து, உட்கார்ந்து, வெற்றிலை போட்டு மென்று முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். மேலே மரம் இல்லை. வானம் இருந்தது, ஒரு பருந்து இருந்தது. கீழே பார்த்தாள். அடிமரமும், அது இரண்டாகப் பிரியும் கவையும், கொம்புகளும், காற்றுக்கு அசைகிற இலைகளும் மண்ணில் குறைவில்லாமல் கிடந்தன. அவள் எச்சிலைத் துப்பிவிட்டு ஊருக்குள் போய், பஸ் வந்துவிட்டது என்று சொல்வதைப் போல, "பலாவோட நெழலு வந்திருக்கு" என்று சொன்னாள்.

கொல்லிமலையின் மேற்குச் சரிவில் இருக்கும் சோலைக்கல்லில் நாற்பத்திரண்டு வீடுகள். நாற்பத்திரண்டு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஊர்மூப்பர் வரதன் நிழலைச் சுற்றி ஒருமுறை நடந்து, நுனிக்கொம்பு முடிகிற இடத்தில் நின்று யோசித்தார்.

"மரம் செத்த சேதி இதுக்கு இன்னும் வந்து சேரல போலருக்கு. நாலு நாள் விடுங்க. தெரிஞ்சதும் போயிரும்."

நாலு நாள் விட்டார்கள். போகவில்லை. எட்டு நாள் ஆனபோது ஆடுகள் அங்கே படுக்கப் பழகியிருந்தன. பதினைந்து நாள் ஆனபோது சின்னப்பொண்ணுவின் டீக்கடை அங்கே வந்திருந்தது. காலையில் சரிவில் கீழ்ப்புறம் நீண்டு, உச்சியில் காலடிக்குள் சுருங்கி, மாலையில் மேல்புறம் ஏறுகிற நிழலைத் தொடர்ந்து அவள் பெஞ்சை நகர்த்திக்கொண்டே இருந்தாள். மழைமூட்டம் போட்ட நாளில் நிழல் வரவில்லை என்றால், "இன்னைக்கு லீவு" என்று சொல்லிக்கொண்டார்கள்.

அந்த நிழலைப் பார்க்காமல் இருக்க முயன்றவன் ஒருவன்தான் இருந்தான். அவன் பெயர் செங்கோடன். மரத்தை வெட்டச் சொன்னவன் அவன்.

நடைபாதையே அவனுடைய யோசனைதான். கீழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள் அருவிக்குப் போகிற ஆயிரம் படிகளைப் பார்த்துவிட்டு, இடுப்பில் குழந்தையோடு மலைத்துப்போய்த் திரும்புவதைப் பார்த்து, ஊர்ப் பொதுக்காட்டுக்குள் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக, ஏற்றம் தெரியாத ஒரு வழி போடலாம் என்று அவன் ஊர்க் கூட்டத்தில் சொன்னான். முக்கால் மணி நேரத்தில் போய்த் திரும்பலாம். வழியில் ஒரு ஊற்று, ஒரு மூங்கில் புதர், கடைசியில் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிற பாறை. ஊரே சேர்ந்து கல் பொறுக்கியது, மண் கொட்டியது, சரிந்த இடத்தில் மூங்கில் கட்டியது. செங்கோடனை நடைபாதைக் குழுவுக்குச் செயலாளராகவும் வழிகாட்டியாகவும் போட்டார்கள். மரம் எதையும் வெட்டுவதில்லை, வழிதான் வளைந்து போக வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தார்கள்.

மூன்றாவது வளைவில் பலா நின்றது. நாலு பேர் கைகோத்தாலும் எட்டாத பெரிய பலா. ஒரு பக்கம் அதன் வேர் இறங்கிய பள்ளம், மறு பக்கம் பாறை. நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம். பிள்ளையைத் தோளில் வைத்தவரும் போகலாம். போக முடியாதது ஒன்றே ஒன்றுதான், ஒரு சக்கர நாற்காலி.

செங்கோடனின் மகள் பவளாவுக்குப் பத்து வயது. பிறந்ததிலிருந்தே கால்களில் பலம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அவளை நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவான், திரும்பக் கொண்டுவருவான். அந்த வழிக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற உலகம் அவளுக்கு இல்லை. மலையில் பிறந்த பிள்ளை மலையைப் பார்த்ததில்லையே என்று அவன் நினைக்காத நாளில்லை. கடைசிப் பாறையில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தி, கீழே விரிகிற பள்ளத்தாக்கைக் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் அவன் அந்த வழியையே யோசித்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், ஒரு பிள்ளைக்காக இத்தனை காலத்து மரத்தை வெட்டுவதா என்று மறுத்துவிடுவார்களோ என்று பயந்தான். பாவம் என்று இரக்கப்பட்டு, சரி வெட்டு என்று சொல்லிவிடுவார்களோ என்று அதைவிட அதிகமாகப் பயந்தான்.

அதனால் மார்கழி மாதத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு பொய் சொன்னான்.

"அந்தப் பலா உள்ளுக்குள்ள உளுத்துப்போச்சு. கம்பி விட்டுப் பாத்தேன். ஒரு கை நீளம் சளக்குனு உள்ள போகுது."

கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த காரிராமன் தலையைத் தூக்கினார். செங்கோடனின் அக்கா பொங்கியம்மாளைக் கட்டியவர். மிளகும் தேனும் எடுக்கிறவர். அந்தப் பலாவின் கொம்புகளில் வருஷா வருஷம் கட்டுகிற தேனை அவர்தான் எடுப்பார். பவளாவுக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் தேன்கூடைக்குள் துணி விரித்து உட்காரவைத்து, முதுகில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கியவரும் அவர்தான்.

"நேத்துகூட அரிவாளால தட்டிப் பாத்தேன் மாப்ள," என்றார். "கல்லைத் தட்டுன மாதிரி இருக்கு. உளுத்திருந்தா பறை மாதிரி அதிரும். இன்னும் இருநூறு வருசம் நிக்கும் அது."

வாதாட செங்கோடனிடம் வேறு எதுவும் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"மாமாவுக்கு அந்த மரத்துத் தேன்தான் பெருசு. நாளைக்கு வர்ற பிள்ளைங்க தலையில விழுந்தா மாமாவா பதில் சொல்லுவாரு?"

தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். எல்லாரும் காரிராமனைப் பார்த்தார்கள். காரிராமன் செங்கோடனை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

கீழிருந்து மெஷின் ரம்பத்தோடு வந்த இரண்டு பேர் அரை நாளில் வேலையை முடித்தார்கள். பிள்ளைகளுக்கு ஆபத்து என்று சொல்லி ஊர்க்காரர்கள் யாரையும் அந்தப் பக்கம் வரவிடாமல் செங்கோடன் பார்த்துக்கொண்டான். மரம் ஒருமுறை முனகி, ஆள் இறங்க முடியாத பள்ளத்துக்குள் தலைகுப்புறப் போய் விழுந்தது. தரையோடு தரையாக அடிக்கட்டை மட்டும் மிஞ்சியது. வெட்டு வாய் முழுக்க மஞ்சள். நடுவிலிருந்து ஓரம்வரை ஒரு புழுத்துளைகூட இல்லாமல், அரைத்த மஞ்சளை வழித்துவைத்த அம்மிபோல ஈரமாக மின்னியது. ரம்பக்காரர்களில் ஒருவன், "நல்ல வைரம் பாஞ்ச மரமாச்சே" என்று சொன்னான். செங்கோடன் அவர்களை அவசரமாக அனுப்பிவிட்டு, தனி ஆளாக மண்ணை அள்ளிக் கொட்டி, மேலே பலகைக்கல் பரப்பி, கட்டை இருந்த இடத்தைப் பாதையோடு பாதையாகச் சமன் செய்தான். வீட்டுக்குப் போனபோது வேட்டியெல்லாம் மஞ்சள் தூள். அவன் மனைவி தெய்வானை அதை வாங்கிப் பார்த்தாள். உளுத்த மரத்தின் தூள் எந்த நிறத்தில் இருக்கும் என்று மலையில் பிறந்தவளுக்குத் தெரியும். ஒன்றும் கேட்காமல் துவைத்துக் காயப்போட்டாள். கறை போகவில்லை.

மறுநாள்தான் நிழல் வந்தது.

தையில் பாதையைத் திறந்தார்கள். குடும்பங்கள் வந்தன. அப்பாக்கள் தோளில் பிள்ளைகளும், கையில் தண்ணீர்ப் பாட்டிலுமாக வந்து, மூன்றாவது வளைவில் நின்று, முதலில் வானத்தையும் பிறகு தரையையும் போட்டோ எடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். நாமக்கல்லிலிருந்து வந்த ஒரு தாவரவியல் வாத்தியார் நாடாவைப் பிடித்து நிழலின் சுற்றளவை அளந்து, அது மரம் நின்றபோது இருந்த அளவுதானா என்று கேட்டார். மரம் நின்றபோது யாரும் நிழலை அளக்கவில்லை. அவர் வருத்தத்தோடு போனார். ஊர்ப் பிள்ளைகள் நிழலின் கொம்புகளில் மட்டும் கால்வைத்து ஓடுகிற ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். கொம்பைவிட்டு வெயிலில் கால்பட்டால் விழுந்து செத்ததாகக் கணக்கு.

மாசியில் நிழல் இலை உதிர்த்தது. பங்குனியில் தளிர்த்தது. சித்திரையில் அடிமரத்து நிழலில் சின்னச் சின்னப் புடைப்புகள் தென்பட்டபோது, அது என்ன என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வைகாசியில் அவை பெருத்து, ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்குட்டி அளவுக்குத் தரையில் கிடந்தன. எண்ணிப் பார்த்தார்கள், ஐம்பத்தாறு காய். எந்தக் காய் யாருக்கு என்று பெண்களுக்குள் சண்டை வந்தது. சாப்பிட முடியாத காய்க்கு எதற்குச் சண்டை என்று ஆண்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களும் சண்டை போட்டார்கள். கடைசியில் வரதன் வீட்டுக்கு ஒரு காய் என்று பிரித்துவிட்டு, மிச்சம் பதினாலை வருகிற விருந்தாளிகளுக்கு என்று ஒதுக்கினார். பங்கு வந்ததும் அமைதி வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து போகிறவர்கள் அவரவர் காயின் நிழலை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்படி ஒன்று இருந்தால் அதற்கு ஒரு கதையும் வேண்டும். கதையைச் சொன்னது யார் என்று தெரியாது. மரத்துக்கே தெரிந்துவிட்டதாம், தான் உளுத்துப் போனோம், என்றைக்காவது ஒரு பிள்ளையின் மேல் விழுந்துவிடுவோம் என்று. யாராவது தன்னைச் சாய்த்துவிட மாட்டார்களா என்று அது காத்திருந்ததாம். செங்கோடன் வந்து சாய்த்தானாம். அந்த நன்றிக்குத்தான் பிள்ளைகளுக்கு நிழலை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறதாம்.

இந்தக் கதையைச் சின்னப்பொண்ணு டீயோடு சேர்த்துக் கொடுத்தாள். வருகிற குடும்பங்கள் செங்கோடனின் கையைப் பிடித்துக் குலுக்கின. ஆடி நோன்பில் முதல் பரிவட்டத்தை அவன் தலையில் கட்டினார்கள். கட்டும்போது அவன் தலை ஆடியதை, பக்தியில் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவன் நிழலைத் தவிர்க்கப் பார்த்தான். ஆனால் வழி காட்டுகிறவன் வழியைத் தவிர்க்க முடியாது. ஒவ்வொரு நாளும் அந்த வளைவில் அதற்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். தன்மேல் மட்டும் வெயில் சுடும் என்று முதலில் எதிர்பார்த்தான். அப்படிச் சுட்டிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நிழல் ஆட்டுக்கு விழுந்ததைப் போலவும், பிள்ளைகளுக்கு விழுந்ததைப் போலவும் அவன் மேலும் விழுந்தது. அதே குளிர்ச்சி. அவன் பவளாவை அந்த வழியாகத் தள்ளிக்கொண்டு போய்க் கடைசிப் பாறையில் நிறுத்தி, பள்ளத்தாக்கைக் காட்டினான். அவள் பார்த்தாள். "நல்லாருக்குப்பா" என்றாள். திரும்பி வரும்போது பலா நிழலில் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி, தன் மடியில் விழுந்த இலை நிழலை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

காரிராமன் இதற்குள் ஊரைவிட்டு மேட்டுக் காட்டில் இருந்த தன் குடிசைக்குப் போயிருந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. தேனுக்கு ஆசைப்பட்டுப் பிள்ளைகளைச் சாகக் கொடுக்க இருந்தவர் என்று அவர் காதுபடவும் யாரும் பேசவில்லை. ஆனால் சோலைக்கல்லில் ஒரு வழக்கம் இருந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுத் தேனை யார் தொட்டு வைக்கிறார்களோ, அவர்களுடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். இருபது வருஷமாக அந்த ஊரில் பிறந்த பிள்ளைகளுக்குக் காரிராமன்தான் தேன் வைத்தார். பவளாவுக்கும் அவர்தான் வைத்தார். மாசியில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தபோது அவரைக் கூப்பிடவில்லை. செங்கோடனைக் கூப்பிட்டார்கள். அவன் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான். சித்திரையில் இன்னொரு வீட்டில் கூப்பிட்டபோது கையில் வெட்டுக்காயம் என்று துணியைச் சுற்றிக்கொண்டான். காயமே இல்லாத அந்தக் கையைத் தெய்வானைதான் மூன்று நாள் கழித்து அவிழ்த்துவிட்டாள்.

ஆவணியில் காரிராமனின் மகள் கோகிலாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பச்சைப்பிள்ளையோடு மேட்டுக் குடிசைக்கு ஏற முடியாது என்று அவளை மாமியார் அருக்காணியின் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அருக்காணி நேரே செங்கோடனின் வீட்டுக்கு வந்தாள்.

"காய்ச்சல், காயம் எல்லாம் சொல்லிராத. என் பேரனுக்கு நீதான் தேன் வைக்கணும்."

"மாமா இருக்கும்போது நான் எதுக்குங்க அத்தை? பிள்ளைக்குத் தாத்தா அவரு."

"தாத்தாவா இருந்தா? சொந்த மாமனையே எதுத்து நின்னு உண்மையைப் பேசுன நாக்கு உன்னுது. அது வரட்டும் என் பேரனுக்கு."

அவனால் தப்ப முடியவில்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். வரதன் இருந்தார். பவளாவின் நாற்காலியைத் தெய்வானை வாசலருகே நிறுத்தியிருந்தாள். கோகிலா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். பொங்கியம்மாள் உள்ளே வந்து, இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தாள்.

"உங்க மாமா குடுத்துவிட்டாரு," என்றாள். "யார் வச்சா என்ன, பிள்ளைக்குத் தேன் நல்ல தேனா இருக்கட்டும்னாரு. போன வருசம் அந்தப் பலாவுல எடுத்தது. கடைசியா இவ்வளவுதான் இருக்கு."

செங்கோடன் பாட்டிலைத் திறந்தான். விரலை விட்டான். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே வாயைத் திறந்தது. குருவிக்குஞ்சு திறக்கிற அந்தச் சிவந்த வாய்க்கு அரைச் சாண் தூரத்தில் அவன் விரல் நின்றுவிட்டது. தேன் விரல் நுனியிலிருந்து இறங்கி உள்ளங்கைக்கு வந்து, மணிக்கட்டுக்கு வந்தது.

"வைடா," என்றாள் அருக்காணி.

"மரம் உளுக்கல," என்றான் செங்கோடன்.

யாருக்கும் புரியவில்லை.

"மரம் உளுக்கல. நான் கம்பியே விட்டுப் பாக்கல. மாமா சொன்னதுதான் நெசம். பவளா நாற்காலி போகணும்னு நான் பொய் சொன்னேன்."

அருக்காணி சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "பாத்தீங்களா இவன் மனசை! மாமன் பேரு கெட்டுப்போச்சேன்னு பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறான்." மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருத்தி அவனைக் கையெடுத்துக் கும்பிடவே செய்தாள்.

செங்கோடன் பாட்டிலை அக்காவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய், சார்த்திவைத்திருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்தான். ஊர் அவன் பின்னால் வந்தது. மூன்றாவது வளைவில் நிழல் கீழ்ப்புறம் சாய்ந்து கிடந்தது. அவன் அதற்குள் நின்று பலகைக்கற்களை ஒவ்வொன்றாக நெம்பிப் புரட்டினான். மண்ணைக் கையால் வழித்தான். அடிக்கட்டையின் முகம் கறுத்திருந்தது. ஒருவரிடம் அரிவாளை வாங்கி ஒரு சாண் அகலத்துக்குச் சீவினான். உள்ளே மஞ்சள். இன்னொரு இடத்தில் சீவினான். மஞ்சள். பிறகு எழுந்து ஒதுங்கி நின்றான்.

வரதன் குனிந்து விரல்கணுவால் தட்டினார். கல்லைத் தட்டிய மாதிரி இருந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப எதுக்கு எங்களுக்கு நெழலு குடுத்துச்சு?" என்றாள் சின்னப்பொண்ணு.

யாராவது தன்னை அடிப்பார்கள் என்று செங்கோடன் நினைத்தான். அடிக்கவில்லை. அவர்கள் அவனைப் பார்க்கவேயில்லை. கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வரதன்தான் பேசினார்.

"காரி அன்னைக்குச் சொன்னான். தட்டிப் பாத்தேன்னு சொன்னான். ஊருக்கும் இந்த மரத்துக்கும் கால்மணி நேர நடை. நம்மள்ல ஒருத்தனாவது வந்து தட்டிப் பாத்தமா?"

அப்போது பவளா அப்பாவைக் கூப்பிட்டாள். கூட்டம் விலகி அவளுக்கு வழிவிட்டது.

"எனக்காகவாப்பா?"

"ஆமா கண்ணு."

"நான் எப்பப்பா கேட்டேன்?"

அவள் அழவில்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்து, ஞாபகம் வராமல்தான் கேட்டாள். அவனுக்கும் ஞாபகம் வரவில்லை, ஏனென்றால் அவள் கேட்டதே இல்லை. தெய்வானை நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனாள்.

செங்கோடன் அங்கிருந்தே மேட்டுக் காட்டுக்கு ஏறினான். காரிராமன் குடிசைக்கு வெளியே மிளகுக் கொடியை மரத்தோடு நாரால் அணைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"சொல்லிட்டேன் மாமா. ஊருக்கு எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"சரி."

"கட்டையத் தோண்டிக் காட்டிட்டேன்."

"சரி."

"என்னை ரெண்டு அடி அடிச்சிருங்க மாமா."

காரிராமன் நாரை இழுத்து முடிச்சுப் போட்டார். "அடிச்சா உனக்கு லேசாயிரும்."

அவர் அடுத்த கொடிக்கு நகர்ந்தார்.

"மரத்தை வெட்டுனதுகூடப் பெருசில்ல மாப்ள. எங்கிட்ட வந்து, மாமா, பிள்ளை நாற்காலி போகணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே உளிய எடுத்து அந்தப் பாறைய ஒடைச்சுக் குடுத்திருப்பேன். நீ என்ன சொன்ன? தேனுக்காகப் பிள்ளைங்களச் சாகக் குடுக்கறவன்னு சொன்ன. எம் பேர்ல என்ன இருக்கு, போவட்டும். அன்னையில இருந்து ஊர்ப் பிள்ளைங்க என்னையப் பாத்தா அம்மா பின்னால போய் ஒளியுதுங்க. நான் நாக்குல தேன் வச்ச பிள்ளைங்க."

செங்கோடன் உட்கார்ந்து அழுதான். காரிராமன் அவனை நிறுத்தச் சொல்லவில்லை, அருகிலும் வரவில்லை. நாலு கொடி கட்டி முடித்த பிறகு கையைக் கழுவினார், சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"பிள்ளை தேனுக்குக் காத்திருக்குமே," என்றார். "எந்திரி. அதுக்காகத்தான் வர்றேன். உனக்காக இல்ல."

மேட்டுக் காட்டிலிருந்து ஊருக்குள் வர நடைபாதை வழியாகத்தான் வர வேண்டும். மூன்றாவது வளைவில் ஊர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. மரம் நின்ற இடத்துக்கு வந்ததும், வழி அகலமாகக் கிடந்தும், காரிராமன் ஒருக்களித்துப் பாறையில் தோளை உரசிக்கொண்டு, மரம் நின்ற காலத்தில் போனதைப் போலவே சுற்றிக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் வரதன் அப்படியே போனார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் பாறையை உரசிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அந்த ஊரில் யாரும் அந்த இடத்தை மிதிப்பதில்லை. புதிதாக வருகிற குடும்பங்களும் யாரும் சொல்லாமலே ஒதுங்கிப் போகின்றன.

பிள்ளைக்குத் தாத்தா தேன் வைத்தார். பிள்ளை சப்புக்கொட்டியது. அருக்காணி அவர் காலில் விழப்போனாள். அவர் நகர்ந்துகொண்டார்.

ஊர் கூடி செங்கோடனுக்கு ஒன்றே ஒன்று சொன்னது. வழிகாட்டும் வேலையை அவன் விட வேண்டாம். ஆனால் வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும், அந்த நிழலில் நின்று, நடந்ததை அவனே சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். அவன் சொன்னான். சிலர் கேட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல் நடந்தார்கள். சிலர், நல்ல கதை, நன்றாகச் சொல்கிறார் என்று கைதட்டினார்கள். கைதட்டிய நாட்களில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மற்ற நேரங்களில் அவன் உளியும் சுத்தியுமாகப் பாறையோடு கிடந்தான். கட்டையை மிதிக்காமல் ஒரு நாற்காலி சுற்றிப் போகிற அகலத்துக்கு அதை உடைக்க நாலு மாதம் ஆனது. நிழல் அவன் முதுகின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

பவளா அந்த வழிக்கு வரவேயில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனாள், வந்தாள். அப்பாவிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பாறை உடைந்து முடிந்த நாளில் அவன் அவள் முன்னால் போய் உட்கார்ந்தான். இந்த வழியில் போகலாமா என்று கேட்க வந்தவன், வேறொன்றைக் கேட்டான்.

"உனக்கு எங்க கண்ணு போகணும்?"

அவள் உடனே சொன்னாள். "சந்தைக்கு."

"சந்தைக்கா? அங்க என்ன இருக்கு?"

"தெரியாது. அதான் போகணும்."

வாரச் சந்தை மூன்று மைல். ஏற்றத்தில் அவளை முதுகில் தூக்கிக்கொண்டான், நாற்காலியைத் தெய்வானை இழுத்துக்கொண்டு வந்தாள். சமதளத்தில் தள்ளினான். சந்தை வாசலில் பவளாவின் வகுப்புப் பெண்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவளைக் கண்டதும் கத்திக்கொண்டு ஓடிவந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீ வர வேண்டாம்ப்பா," என்றாள் பவளா. "இங்கயே நில்லு."

அவர்கள் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மிளகாய் மூட்டைகளுக்கும் அலுமினியப் பாத்திரங்களுக்கும் நடுவில் நாற்காலி இடித்து, நின்று, திரும்பி, கூட்டத்துக்குள் போய் மறைந்தது. அவள் சிரிக்கிற சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது. வெற்றிலைக் கடைக்காரர் செங்கோடன் வெகுநேரமாக நிற்பதைப் பார்த்துவிட்டு ஒரு முக்காலியை நகர்த்தினார்.

"உக்காருங்களேன்."

"இல்லீங்க," என்றான் அவன். "நிக்கச் சொல்லியிருக்கா."